நல்லது கெட்டது தெரிந்த பையன் ஏன் திருடினான்?

கேள்வி:

என் மகனுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு படிக்கிறான். படிப்பில் சுமார், பேச்சில் கெட்டி. வீட்டில் யாராவது சின்னப் பொய் சொன்னாலும் விடமாட்டான். செய்தியில் ஊழல் வழக்கு ஏதாவது வந்தால் என்னோடு உட்கார்ந்து நியாயம் பேசுவான். இரண்டு வாரத்துக்கு முன் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். விளையாட்டுப் பீரியடில் வகுப்பறை காலியாக இருக்கும்போது, இவனும் கூட்டாளிகள் சிலரும் மற்ற பிள்ளைகளின் பைகளிலிருந்து பொருள்களை எடுத்து வந்திருக்கிறார்கள். கடைசியாக எடுத்தது ஒரு பையனின் ஹெட்போன். சிலவற்றை மேல்வகுப்பு மாணவன் ஒருவனிடம் விற்றும் இருக்கிறார்கள். பார்த்தவர்களுக்கு இவன் முகம் மட்டும்தான் தெரிந்ததாம். ஆத்திரத்தில் நான் அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. "அவன்கிட்ட இன்னொன்னு இருக்கு", "எப்பப் பாத்தாலும் பீத்திக்கிறவன்தானே", "நான் மட்டுமா எடுத்தேன்" என்று அடுக்கினான். கூட இருந்தவர்கள் யார் என்றால், "காட்டிக்கொடுக்க மாட்டேன்" என்கிறான். கடைசியில், "நீங்க ஆபீஸ்லேருந்து பேப்பரும் பேனாவும் கொண்டுவரலையா?" என்று கேட்டான். அந்த அதிகப்பிரசங்கித்தனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இவனுக்கு நல்லது கெட்டது தெரியவில்லையா? இப்படியே போனால் குற்றவாளி ஆகிவிடுவானா? தெரிந்த போலீஸ்காரர் மூலம் ஒருநாள் ஸ்டேஷனில் உட்காரவைத்துப் பயமுறுத்தினால் சரியாகிவிடும் என்கிறார் என் மைத்துனர். செய்யலாமா? எட்டு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். அவளிடம் என்ன சொல்வது?

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தந்தை

பதில்:

அன்புள்ள ஐயா,

ஸ்டேஷன் யோசனையை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் மைத்துனர் அதை இந்த வாரமே செய்துவிடக்கூடியவர் போலத் தெரிகிறது. வேண்டாம். இந்த வைத்தியத்தை ஏற்கெனவே பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள ராவே சிறைக்குள், 1970-களில், வழிதவறும் சிறுவர்களை அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை விட்டுக் கத்தவைத்து, சிறை வாழ்க்கையின் கோரத்தைச் சொல்லவைத்து மிரட்டினார்கள். பெற்றோர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் அது ரொம்பப் பிடித்துப்போனது. வேறு பல இடங்களுக்கும் பரவியது. பிறகு ஆய்வாளர்கள் சிறுவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, சிறைக்குள் போய் வந்தவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டார்கள். இப்படி நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போய்ப் பயந்து வந்த பிள்ளைகள்தான் பின்னால் அதிகமாகக் குற்றங்களில் சிக்கியிருந்தார்கள். பலன் இல்லாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, கெடுதல் நடந்திருக்கிறது.

ஏன் அப்படி என்பதற்கு என் கணிப்பு இது. பயம் சில வாரங்களில் தேய்ந்துவிடும். ஆனால் "நான் ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்தவன்" என்ற பெருமை தேயாது. அதைச் சொல்லிக் காட்ட ஒரு கூட்டம் அவனுக்குக் காத்திருக்கிறது.

அடுத்தது, நல்லது கெட்டது. அவனுக்குத் தெரியும். உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி. ஊழலைப் பற்றி நியாயம் பேசுகிற பையனுக்கு, அடுத்தவன் பையில் கைவிடுவது தப்பு என்று தெரியாமல் இருக்க வழியில்லை. மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கே இதில் ஓரளவு தெளிவு உண்டு என்பதை எலியட் டூரியல் என்ற உளவியலாளரும் அவர் வழியில் வந்தவர்களும் காட்டியிருக்கிறார்கள். "பொம்மையை அலமாரியில் வைக்காமல் போடலாம் என்று டீச்சர் சொன்னால் போடலாமா?" என்று கேட்டால் பல குழந்தைகள் சரி என்பார்கள். "இன்னொரு பிள்ளையை அடிக்கலாம் என்று டீச்சர் சொன்னால்?" என்று கேட்டால், அப்போதும் கூடாது என்பார்கள். ஒழுங்குக்காக வைத்த விதி ஒன்று, அடுத்தவருக்கு வலிக்கும் என்பதால் வந்த விதி இன்னொன்று என்று அந்த வயதிலேயே பிரித்துவிடுகிறார்கள்.

ஆகவே, உட்காரவைத்து "திருடக்கூடாது" என்று பாடம் நடத்துவதால் அவனுக்குப் புதிதாக எதுவும் கிடைக்கப்போவதில்லை. தெரிந்திருப்பதற்கும் நடந்துகொள்வதற்கும் நடுவே உள்ள தூரம் பெற்றோர்கள் நினைப்பதைவிட மிகப் பெரியது. 1920-களில் ஹார்ட்ஷார்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏமாற்றவும், பொய் சொல்லவும், எடுத்துக்கொள்ளவும் வாய்ப்புள்ள சூழ்நிலைகளை அமைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளை நேர்மையானவர்கள், நேர்மையற்றவர்கள் என்று இரண்டாகப் பிரிக்கவே முடியவில்லை. ஓரிடத்தில் காப்பியடித்தவன் இன்னோரிடத்தில் கைவைக்கவில்லை. வகுப்பில் ஒழுங்காக இருந்தவன் விளையாட்டில் ஏமாற்றினான். எது சரி என்ற அறிவு அவர்கள் நடத்தையைத் தீர்மானித்ததைவிட, அந்தச் சூழ்நிலைதான் அதிகம் தீர்மானித்தது. உங்கள் மகன் வீட்டுக்கு ஒரு வேஷம், வெளியே ஒரு வேஷம் போடுகிறான் என்று நினைக்காதீர்கள். இரண்டும் அவன்தான்.

சரி, அவன் மனதில் நியாயம் எப்படி ஓடுகிறது? இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் அவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது இதைப் பொறுத்தது.

லாரன்ஸ் கோல்பர்க் என்ற உளவியலாளர் 1958-இல் முடித்த தன் ஆய்வில், 10, 13, 16 வயதுச் சிறுவர்களிடம் சில சிக்கலான கதைகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டார். அதில் ஒன்று ஊரறிந்தது. மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்தைக் கண்டுபிடித்தவன் கொள்ளை விலை சொல்கிறான், கணவனால் புரட்ட முடியவில்லை, திருடலாமா? திருடலாம் என்றார்களா, கூடாது என்றார்களா என்பதை கோல்பர்க் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டார். "மாட்டினால் ஜெயில்" என்று ஒருவன் சொல்வான். அவனுக்குத் தப்பு என்றால் தண்டனை, அவ்வளவுதான். "அவள் அவனுக்குச் சமைத்துப் போடுகிறாள், அதனால் காப்பாற்றலாம்" என்பான் இன்னொருவன். அவனுக்கு நியாயம் என்பது கொடுக்கல் வாங்கல். "நல்ல கணவன் அப்படித்தான் செய்வான்" என்பவனுக்கு, தன்னைச் சேர்ந்தவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பது முக்கியமாகிவிட்டது. சட்டம் எல்லோருக்கும் பொது, ஆளுக்கு ஆள் மீறினால் யாரும் யாரையும் நம்ப முடியாது என்கிற யோசனை அதற்கும் மேலே வருகிறது. அது பொதுவாகப் பதின்பருவத்தின் பின்பாதியிலும் அதற்குப் பிறகும்தான் ஊன்றுகிறது. கோல்பர்க்கின் ஏணியில் எனக்கும் சில சந்தேகங்கள் உண்டு. மனிதர்கள் படிப்படியாக ஏறிக்கொண்டே இருப்பதில்லை, தேவைக்கு இறங்கியும் கொள்வார்கள். ஆனால் 13 வயதைப் புரிந்துகொள்ள அது இன்னும் உதவுகிறது.

அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் "எனக்கு நீ, உனக்கு நான்" என்ற கணக்கிலிருந்து "என்னை நம்புகிறவர்களை நான் கைவிடக்கூடாது" என்ற இடத்துக்கு நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். நல்ல நகர்வுதான். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. நம்புகிறவர்கள் யார்? உங்கள் மகனுக்கு இப்போதைக்கு அந்தக் கூட்டாளிகள்.

"காட்டிக்கொடுக்க மாட்டேன்" என்று அவன் சொன்னதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. அடி வாங்கியும் பெயர் சொல்லாமல் நிற்கிறான் என்றால், அவனுக்குள் விசுவாசம் என்று ஒன்று வளர்ந்திருக்கிறது. தவறான இடத்தில் நிற்கிற விசுவாசம், ஆனால் விசுவாசம்தான். அதை அடித்து உடைத்தால், நாளைக்கு உங்களிடமோ வேறொரு நல்ல நண்பனிடமோ காட்ட வேண்டியதையும் சேர்த்து உடைக்கிறீர்கள். பெயர்களைக் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். பதிலாக இப்படிச் சொல்லலாம்: "அவங்க பேரை நான் கேக்கலை. நீ செஞ்சதைப் பத்தி மட்டும் பேசுவோம். ஆனா ஒண்ணு யோசி. உன்னை மாட்டிவிட்டுட்டு ஒதுங்கி நிக்கறாங்களே, இதுல யாரு யாருக்கு விசுவாசமா இருக்காங்க?" கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அங்கேயே பதில் எதிர்பார்க்காதீர்கள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த மேல்வகுப்பு மாணவன். சின்னப் பையன்கள் எடுத்ததைப் பெரிய பையன் வாங்கிக்கொள்கிறான் என்றால், எடுக்கச் சொன்னதும் அவனாக இருக்கலாம். மிரட்டல் இருக்கிறதா என்று தனியாக, நிதானமாகக் கேளுங்கள். இருந்தால் இது உங்கள் மகனின் ஒழுக்கப் பிரச்சினை மட்டுமில்லை. பள்ளி உடனே தலையிட வேண்டிய விஷயம்.

இப்போது அவன் அடுக்கிய சாக்குகளைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரிகளைத்தான்.

1957-இல் கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்சா என்ற இரு சமூகவியலாளர்கள் இளம் குற்றவாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதுவரை இருந்த எண்ணம், இந்தப் பையன்களுக்கு வேறொரு நீதி இருக்கிறது, திருட்டை அவர்கள் சரியென்றே நினைக்கிறார்கள் என்பது. இருவரும் அதை மறுத்தார்கள். ஊருக்கு உள்ள நீதிதான் இவர்களுக்கும். அதை அந்த நேரத்துக்கு மட்டும் செயலிழக்கச் செய்யச் சில உத்திகள் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். ஐந்து உத்திகளைச் சொன்னார்கள்: பொறுப்பு என்னுடையதில்லை, யாருக்கும் நஷ்டமில்லை, பட்டவனுக்கு அது வேண்டியதுதான், குற்றம் சொல்கிறவர்கள் மட்டும் யோக்கியமா, என் கூட்டத்துக்காகச் செய்தேன். உங்கள் மகன் பேசியதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "இன்னொன்னு இருக்கு" என்பது நஷ்டமில்லை என்பது. "பீத்திக்கிறவன்" என்பது அவனுக்கு வேண்டியதுதான் என்பது. "நான் மட்டுமா" என்பது பொறுப்பைப் பங்குபோட்டுக் கரைப்பது. ஆபீஸ் பேனாவும் காட்டிக்கொடுக்காததும் மீதி இரண்டு. ஒரே மாலையில் ஐந்தையும் சொல்லி முடித்துவிட்டான். அந்தக் கட்டுரையைப் படித்திருக்க வாய்ப்பில்லாத பையன்!

பின்னாளில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் இதையே இன்னும் விரித்து, மனிதர்கள் தங்கள் மனசாட்சியை எப்படித் தற்காலிகமாகக் கழற்றி வைக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். 1996-இல் அவரும் இத்தாலிய ஆய்வாளர்களும் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் பார்த்ததில், இப்படிக் கழற்றிவைக்கப் பழகியவர்களிடம் குற்ற உணர்ச்சி குறைவாகவும், அடுத்தவரைப் புண்படுத்தும் நடத்தை அதிகமாகவும் இருந்தது.

இதில் உங்களுக்கு ஓர் ஆறுதலும் ஓர் எச்சரிக்கையும் இருக்கின்றன. மனசாட்சியே இல்லாதவனுக்குச் சாக்கு எதற்கு? இவன் இத்தனை சொல்கிறான் என்றால் உள்ளே ஏதோ உறுத்துகிறது என்று பொருள். அது ஆறுதல். எச்சரிக்கை என்னவென்றால், சாக்கு என்பது செய்த பிறகு வருகிற ஒன்று என்று நாம் நினைக்கிறோம். சைக்ஸும் மாட்சாவும் அழுத்திச் சொன்னது, அது செய்வதற்கு முன்பும் வருகிறது என்பதை. இன்றைக்குச் சொல்லி அவன் தப்பித்த சாக்கு, அடுத்த முறை கை நீளும்போது அனுமதியாக மாறும். அதனால் சாக்கைக் கேட்டும் கேட்காததுபோல விடக்கூடாது.

ஆனால் சாக்கோடு வாதம் செய்யாதீர்கள். அவன் பேச்சில் கெட்டி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாதத்தில் அவன் ஜெயித்துவிடுவான். ஜெயித்தால் நம்பியும் விடுவான். அந்தச் சாக்குகள் எல்லாமே செய்கிற வேலை ஒன்றுதான், ஹெட்போனைத் தொலைத்த பையனை அவன் கண்ணிலிருந்து மறைப்பது. அந்தப் பையனை மறுபடி கண் முன்னால் கொண்டுவாருங்கள். "பை காலியா இருந்ததைப் பாத்ததும் அவன் முதல்ல என்ன செஞ்சிருப்பான்? எங்கெல்லாம் தேடியிருப்பான்? வீட்டுல போய் என்ன சொல்லியிருப்பான்? தொலைச்சிட்டேன்னு திட்டு வாங்கினானா? பக்கத்து பெஞ்சுல யாரைச் சந்தேகப்பட்டிருப்பான்?" ஒரே மூச்சில் கேட்டால் அது விசாரணை. ஒரு கேள்வி கேட்டு, அவன் பதில் சொல்லும்வரை சும்மா இருங்கள். எதிரெதிரே உட்கார்ந்து கேட்பதைவிட, சேர்ந்து நடக்கும்போதோ ஏதாவது வேலை செய்யும்போதோ கேட்டால் இந்த வயதுப் பையன்கள் எளிதாகப் பேசுகிறார்கள்.

இந்த முறைக்குப் பின்னால் பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. 1967-இல் மார்ட்டின் ஹாஃப்மன், ஹெர்பர்ட் சால்ட்ஸ்டைன் இருவரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஆராய்ந்தார்கள். பெற்றோர் கண்டிக்கும் விதத்தை மூன்றாகப் பிரித்தார்கள். அடி, மிரட்டல், பறித்துக்கொள்வது ஒன்று. "என்கூடப் பேசாதே" என்று பாசத்தை நிறுத்திவைப்பது இன்னொன்று. நீ செய்ததால் அவருக்கு என்ன ஆயிற்று என்று எடுத்துச் சொல்வது மூன்றாவது. மூன்றாவது வகை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளிடம்தான் குற்ற உணர்ச்சியும், தப்பை ஒப்புக்கொள்வதும், அடுத்தவரைக் கருதுவதும் கூடுதலாக இருந்தன. அடி அதிகமாக இருந்த இடத்தில் அவை குறைவாக இருந்தன.

நீங்கள் அடித்ததைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. அது அவனுக்குக் கற்றுக்கொடுத்தது மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதை மட்டும்தான். "அடிச்சது தப்பு, இனிமே கை ஓங்க மாட்டேன், ஆனா நீ செஞ்சதுக்கு நீதான் பொறுப்பு" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

கூட்டாளிகளைப் பற்றி. அவன் தனியாக இருந்தால் இதைச் செய்திருப்பானா? பெரும்பாலும் செய்திருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிகிறது. நிறுத்தலாம், அல்லது இன்னும் கொஞ்சம் போய் அதிக மதிப்பெண் எடுக்கலாம். மோதினால் எல்லாம் போச்சு. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக விளையாடியபோது பெரியவர்களைப் போலவேதான் இருந்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது அவர்கள் எடுத்த துணிச்சல் ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. 24 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் இல்லை. பதின்பருவத் தொடக்கத்தில் மூளையில் பரிசுக்கும் பாராட்டுக்கும் துள்ளுகிற பகுதி வேகமெடுத்துவிடுகிறது. நிதானப்படுத்துகிற முன்பகுதி முழுதாகப் பக்குவப்பட இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிறது.

இதன் பொருள் என்னவென்றால், வீட்டுக்கூடத்தில் உங்கள் எதிரே உட்கார்ந்து அவன் தருகிற சத்தியத்துக்கு மதிப்புக் குறைவு. பொய்யாகத் தருகிறான் என்று சொல்லவில்லை. மனதாரத்தான் தருவான். ஆனால் காலியான வகுப்பறையில் கூட்டாளிகள் நடுவே நிற்கும்போது யோசிக்கிறவன் வேறு. அந்த நேரத்துக்கு அவன் கையில் ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டும். "எனக்கு மேட்ச் இருக்கு, நான் கிரவுண்டுக்குப் போறேன்", "எங்கப்பா என் பையை தினமும் பாக்கறாரு, என்னை விட்டுடு" போன்ற, மானம் போகாமல் விலக உதவும் சில வரிகளை அவனையே யோசிக்கச் சொல்லுங்கள். பழியை உங்கள் மேல் போட அனுமதியுங்கள். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 13 வயதில் "தப்பு, நான் வரலை" என்று சொல்வதற்கு வேண்டிய துணிச்சல் பல பெரியவர்களிடமே இல்லை.

"அவங்களோட சேரவே கூடாது" என்று முழுத்தடை போட்டால் சந்திப்பு மறைவுக்குப் போகும், அவ்வளவுதான். பெரியவர்கள் யாரும் இல்லாத, செய்வதற்கு எதுவும் இல்லாத நேரத்தில் பையன்கள் கூடுவதுதான் ஆபத்து. ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான். அந்த வெற்று நேரத்தைக் குறையுங்கள். அவர்களை உங்கள் வீட்டுக்கு வரச் சொன்னாலும் தப்பில்லை. அந்த விளையாட்டுப் பீரியடில் வகுப்பறை ஏன் பூட்டப்படவில்லை என்பதையும் பள்ளியில் கேளுங்கள்.

கைப்பேசியைத் தோண்டுவது, பின்தொடர்வது எல்லாம் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பலன் தராது. ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோருக்குப் பிள்ளையைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, பிள்ளையே தானாகச் சொன்னதிலிருந்து வந்தது தெரிந்தது. துருவிக் கண்டுபிடித்தது கொஞ்சம்தான். ஒரு சின்னத் தப்பை அவனாக வந்து சொல்லும் நாளில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பது அவ்வளவு முக்கியம்.

தண்டனை வேண்டாமா என்று கேட்பீர்கள். ஈடு செய்வது வேண்டும், அதில் சலுகை கூடாது. ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விற்றுத் தீர்ந்தவற்றுக்கு அவன் சேமிப்பிலிருந்தோ, வீட்டில் கூடுதல் வேலை செய்து சம்பாதித்தோ கொடுக்க வேண்டும். நீங்கள் பணம் கட்டிவிட்டு அவனுக்கு உபதேசம் செய்தால், பாடம் உங்களுக்குத்தான். அந்தப் பையனும் அவன் வீட்டாரும் சம்மதித்தால், நேரில் போய் மன்னிப்புக் கேட்கட்டும். நீங்கள் கூட நில்லுங்கள், பேசுவது அவனாக இருக்கட்டும். அவர்கள் விரும்பவில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது, ஒரு கடிதம் போதும்.

ஆனால் வகுப்பின் முன் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைக்கப் பள்ளி நினைத்தால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். உறவினர் கூட்டத்தில் சொல்லிக்காட்டுவதும் வேண்டாம். "நான் செய்தது தப்பு" என்று உறுத்துவது வேறு, "நானே கேவலமானவன்" என்று கூசுவது வேறு. முதலாவது சரிசெய்யத் தூண்டும். இரண்டாவது ஓடி ஒளியவோ, பழியை அடுத்தவன் மேல் தள்ளவோ தூண்டும். 10 முதல் 12 வயதில் இந்த இரண்டில் எது ஒரு பிள்ளையிடம் தூக்கலாக இருக்கிறது என்று அளந்து, 18 முதல் 21 வயதில் அவர்களையே மீண்டும் சந்தித்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், செய்ததற்காக உறுத்தல் படுகிறவர்கள் சட்டத்தோடு மோதியது குறைவாக இருந்தது. தன்னைப் பற்றிக் கூசிப்போகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. "திருட்டுப்பயல்" என்று யார் சொன்னாலும், உங்கள் மைத்துனரே சொன்னாலும், நிறுத்தச் சொல்லுங்கள்.

குற்றவாளி ஆகிவிடுவானா என்ற கேள்விக்கு ஜோசியம் சொல்ல என்னால் முடியாது. ஆனால் நிலவரம் நீங்கள் பயப்படுவதைவிட நன்றாக இருக்கிறது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 பேரைச் சிறுவயதிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்தத் தகவல்களை வைத்து டெர்ரி மாஃபிட் என்ற உளவியலாளர் 1993-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். சட்டத்தை மீறும் பிள்ளைகளில் இரண்டு வகை உண்டு. சிறிய வகை, பள்ளி சேருவதற்கு முன்பே அடிதடியும் அடங்காமையும் தொடங்கி, பெரியவர்களான பின்னும் தொடர்கிறவர்கள். மற்றவர்கள் பதின்பருவத்தில் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கி, வேலை, குடும்பம் என்று வரும்போது பெரும்பாலும் விட்டுவிடுகிறவர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் இரண்டாவது வகைக்கு அருகில் இருக்கிறான். அதற்காக, தானாகச் சரியாகட்டும் என்று விடவும் கூடாது. பள்ளியிலிருந்து நீக்கம், போதைப்பழக்கம், ஒரு வழக்கு, இப்படி ஏதாவது ஒன்றில் சிக்கினால் அந்தச் சில வருடத் தப்பே வாழ்நாளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

சில அறிகுறிகள் இருந்தால் என் பதிலோடு நிற்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். பத்து வயதுக்கு முன்பே திருட்டோ அடிதடியோ இருந்திருந்தால், விலங்குகளைத் துன்புறுத்தினால், தீ வைத்தால், ஆயுதம் எடுத்தால், வீட்டைவிட்டு இரவில் வெளியே தங்கினால், அடுத்தவர் அழுவதைப் பார்த்தும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால். தூக்கம், படிப்பு, பேச்சு மூன்றும் திடீரென்று மாறியிருந்தாலும் காட்டுங்கள். மனச்சோர்வு இந்த வயதில் பல சமயம் எரிச்சலாகவும் அடங்காமையாகவும் வெளிப்படும். சிறுவயதிலிருந்தே துறுதுறுப்பு, கவனக்குறைவு, யோசிக்காமல் செய்வது இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது மருத்துவத்தால் நன்றாகச் சமாளிக்கக்கூடியது.

இனி நீங்கள் அதிகப்பிரசங்கித்தனம் என்று எழுதிய வரி. உங்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்ல வேண்டும். அவன் கேட்டது நியாயமான கேள்வி.

குற்றத்தில் சிக்கும் பதின்பருவத்தினரின் அறநெறி யோசனை, அதே வயதுள்ள மற்றவர்களைவிடப் பின்தங்கியிருக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. 2006-இல் 50 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் அதுவே உறுதியானது. ஜான் கிப்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், எந்தெந்த விஷயத்தில் பின்தங்கல் அதிகம் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வாக்கைக் காப்பாற்றுவது, உயிரைக் காப்பாற்றுவது, திருடாமல் இருப்பது எல்லாவற்றிலும் பின்தங்கல் இருந்தது. மிக அதிகமாக இருந்தது, சட்டத்தை ஏன் மதிக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில். யாரும் பார்க்காதபோதும் ஒரு பொது விதியை ஏன் மதிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை எங்கே கற்கிறது? புத்தகத்தில் அதற்கு இடம் குறைவு. பெரும்பாலும், யாரும் பார்க்காதபோது வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துத்தான். அந்தப் பேப்பரைக் கொண்டுவந்தபோது நீங்களும் மனதுக்குள், ஆபீசுக்கு இதில் என்ன நஷ்டம், எல்லாரும் கொண்டுபோகிறார்கள் என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அவன் சொன்ன சாக்கும் அதுதான்.

அதனால் "அது வேற, இது வேற" என்று சமாளிக்காதீர்கள். அளவில் வேறுதான், ஆனால் இப்போது அளவைப் பேசத் தொடங்கினால் அவனுடைய சாக்கை நீங்களே அங்கீகரித்ததாக ஆகும். வீட்டில் மிச்சமிருப்பதை எடுத்துக்கொண்டுபோய் ஆபீசில் வையுங்கள். வைத்துவிட்டு வந்து, "நீ கேட்டது சரி. திருப்பி வெச்சிட்டேன். உன் பக்கம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். ஈடுகட்டும் வேலையை அவன் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தால், இந்த ஒரு கேள்வி அவனை அசைக்கும் என்று நம்புகிறேன். தகப்பனுக்கு மரியாதை குறைந்துவிடும் என்ற பயம் உங்களுக்கு வரலாம். 13 வயதுப் பிள்ளைகள் தப்பு செய்த பெரியவர்களை அவ்வளவாக வெறுப்பதில்லை. மழுப்புகிற பெரியவர்களைத்தான் வெறுக்கிறார்கள்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் ஏதோ நடக்கிறது என்று அவளுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். "அண்ணன் ஒரு பையனோட பொருளைக் கேக்காம எடுத்துட்டான், அது தப்பு, இப்போ திருப்பிக் கொடுக்கற வேலையில இருக்கான்" என்று சொல்லுங்கள், போதும். இப்படிச் சொல்லப்போகிறேன் என்று மகனிடம் முதலில் சொல்லிவிட்டு அவளிடம் சொல்லுங்கள். அவள் வேறு ஏதாவது கேட்டால், அவனிடமே கேட்டுக்கொள்ளட்டும்.